முதல் வண்டியின் இருக்கை

கிளெனிஸ் டிரான்டர் முழங்காலால் இருக்கையின் பஞ்சை அமுக்கிப் பிடித்தபடி, தோல் உறையை இழுத்து இழுத்துக் கம்பி வளையங்களைக் குறடால் நெரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வளையம் தளர்ந்தாலும் உறையில் சுருக்கம் விழும். இருபத்தாறு வருடமாக டன்மோர் கார்களுக்கு உறை மாட்டும் கை. கவன்ட்ரி நகரில் அவளைவிட வேகமாக மாட்ட ஆளில்லை என்று மேஸ்திரி ஹிக்மனே ஒப்புக்கொள்வார். மேஸ்திரி வாயால் ஒரு நல்ல வார்த்தை வருவதே அபூர்வம்.

இன்று அவள் தன் கூடத்தில் இல்லை. கித்தான் திரை கட்டிய ஒரு மூலையில், காவலாளி வெளியே நிற்க, புதுக் காருக்கு இருக்கை மாட்டிக்கொண்டிருந்தாள். பிற்பகல் மூன்றரைக்கு விழா. டன்மோரைப் பிழைக்க வைக்கப்போகும் வண்டி இதுதான் என்று வாரம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சைக்கிளில் தொடங்கி, போருக்கு ஆம்புலன்ஸ் கட்டி, டாக்டர்களும் வக்கீல்களும் ஓட்டிய பெரிய கார்களில் பேர் வாங்கிய கம்பெனி. கிளெனிஸ் சேர்ந்த பிறகே ஐந்து முதலாளிகள் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவரும் வந்ததும் முதலில் வாசல் பலகையை மாற்றினார்கள். கழிவறைக் கூரை இன்னும் ஒழுகுகிறது.

உள்ளே விடும்முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் வேலையும் போகும், கணக்கும் தீர்க்க மாட்டார்கள்.

"வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லக்கூடாதும்மா," என்றார் ஹிக்மன்.

"அவரு எங்கிட்ட பேசியே பல வருஷமாச்சு. நீங்க கவலப்படாதீங்க."

ஹிக்மன் சிரிக்கவில்லை.

அவள் பேசியதில் பாதி நிஜம். பதினெட்டு வருடம் முன்பு இதேபோல் ஒரு நெருக்கடி வந்தபோது, இந்தக் கம்பெனி ஆறு மாதம் தாங்காது என்று புருஷன் வில்ஃபை நச்சரித்து விலக வைத்தவள் அவள்தான். கம்பெனி கவிழவில்லை, அடுத்த வருடமே ஓவர்டைமில் கொழித்தது. வில்ஃப் அன்று முதல் சூப்பர் மார்க்கெட்டில் தள்ளுவண்டிகளைப் பொறுக்கிச் சேர்க்கிறார். அதை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

இன்று காலை வாசலில் தம்பி லென் அவளைப் பிடித்து நிறுத்தினான். லென் கார் பாகங்களைப் பூட்டும் வரிசையில் இருப்பவன். தாமாக விலகுகிறவர்களுக்கு இரண்டு வருடச் சம்பளம் என்று கம்பெனி சொல்லியிருந்தது. படிவம் கொடுக்க இன்று மாலை நான்கு மணி வரைதான் கெடு. அதன்பின் கம்பெனி மூழ்கினால் சட்டப்படி வரும் சில்லறைதான்.

"நீ உள்ள போறல்லக்கா. வண்டி நெசமான்னு பாத்துட்டு வந்து சொல்லு. அத வச்சுத்தான் எம் முடிவு."

ஆகவே அவள் பார்த்தாள். எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டைகள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை, காட்சிக்கு வைக்கும் வண்டி எல்லாமே அப்படித்தான். ஒரே ஒரு கதவுதான் திறந்தது. அதுவும் வழக்கம்தான். வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஒருவன் பிழைப்பில் கை வைக்க அவளுக்குத் துணிவில்லை.

கடைசியாக ஓட்டுநர் இருக்கை. புது மாடலின் முதல் வண்டி என்றால், ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் இருக்கும் சாக்குத்துணியில், வேலை செய்த பெண்கள் மெழுகுப் பென்சிலால் பேரும் வருடமும் எழுதுவார்கள். மேலாளர்களுக்குத் தெரியாத வழக்கம் அது. கிளெனிஸும் பென்சிலை எடுத்து, இருக்கையைக் கவிழ்த்தாள்.

எழுத இடம் இல்லை. ஏற்கெனவே எழுதியிருந்தது. மேவிஸ். டாட். பெரிய ஐரிஸ். 1998.

அவளோடு உறை மாட்டிய மேவிஸ் செத்து மூன்று வருடம் ஆகிறது. தொண்ணூற்றெட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு புது வண்டி காட்டினார்கள். கடைசிவரை அது உற்பத்திக்கே வரவில்லை. கிளெனிஸ் குனிந்து தரைவிரிப்பின் ஓரத்தை நகத்தால் தூக்கினாள். வெளியே பூச்சு கரும்பச்சை, விரிப்புக்கு அடியில் தகடு வெள்ளி. ஆறு வருடம் கொட்டகையில் கிடந்ததை எடுத்து, மூக்கையும் விளக்கையும் மாற்றிச் சாயம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். கோபத்தோடு எழுந்து, எழுதாத பென்சிலைப் பையில் போட்டாள்.

"என்ன கிளெனிஸ், பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" ஹிக்மன் திரையை விலக்கிக்கொண்டு நின்றார்.

"வளையம் விரல்ல குத்திடுச்சு."

"காலைல போட்ட கையெழுத்து ஞாபகம் இருக்கட்டும்."

அவருக்கும் தெரியுமோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் தன் காலணியைப் பார்த்தார்.

தேநீர் இடைவேளையில் லெனைத் தேடிப் பிடித்தபோது மணி மூன்று. இயந்திர இரைச்சல் நின்றிருந்ததால் குரலைத் தாழ்த்திப் பேச வேண்டியிருந்தது.

"ஃபாரத்தக் குடுத்துடு லென். இப்பவே போ."

"மாமாகிட்டயும் இதத்தான சொன்ன," என்று சிரித்தான் அவன். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அக்கா, காலைல பால்காரன் வந்தாக்கூட ஏன் வந்தான்னு கேக்குற ஆளு நீ."

"சிரிக்காத. இருக்கைக்கு அடில மேவிஸ் பேரு இருக்கு. தொண்ணூத்தெட்டுன்னு போட்டுருக்கு. இது அந்த வண்டிடா. பச்சைய பூசி வச்சிருக்கானுங்க. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என்னையும் தொரத்திடுவாங்க."

லென் தேநீரைக் கீழே வைத்தான். தொண்ணூற்றெட்டு விழாவுக்கும் அவன் போயிருந்தான். மூன்று வருடம் ஓவர்டைம் என்று நம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை கட்டினான்.

"மேவிஸ் எழுத்துதானா? நல்லாப் பாத்தியா?"

"அவ எழுத்து எனக்குத் தெரியாதா."

அவன் சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த படிவத்தை எடுத்தான். எப்போதோ பூர்த்தி செய்து வைத்திருந்தான், கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் கிடந்த ஒரு இருக்கைப் பஞ்சின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

இருவரும் போனபோது, படிவம் வாங்கும் அலுவலக ஜன்னல் மூடியிருந்தது. ஊழியர் அனைவரும் விழாவில் இருப்பதாகவும் நாலேகாலுக்குத் திறக்கும் என்றும் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். ஜன்னல் முன்னால் பதினான்கு பேர் படிவத்தோடு நின்றார்கள். ஒருவர் தன்னுடையதைக் கதவிடுக்கில் தள்ளப் பார்த்தார். நேரில் கொடுத்து முத்திரை வாங்காத படிவம் செல்லாது என்று அடுத்தவர் படிவத்திலிருந்தே வாசித்துக் காட்டினார்.

"நாலு மணிக்குக் கெடு, நாலேகாலுக்குத் தொறப்பாங்களாம்," என்றார் ஒரு கிழவர். "இதுக்குன்னே ரூம் போட்டு யோசிச்சிருப்பானுங்க."

"வேணும்னே செஞ்சாங்களோ, மறந்துட்டாங்களோ," என்றான் லென்.

"மறந்தவன் எவனாவது இதத் தட்டச்சு செஞ்சு ஒட்டுவானா?" என்றாள் கிளெனிஸ்.

மூன்று நாற்பதுக்கு ஹிக்மன் மூச்சிரைக்க வந்தார். கையில் ஒரு பெட்டி நிறையப் பச்சைத் தொப்பிகள்.

"பின்னால ரெண்டு வரிசை காலியா இருக்கு. டிவிக்காரங்க வந்துட்டாங்க. எல்லாரும் வாங்க."

"மொதல்ல ஃபாரத்த வாங்கிக்கிட்டுக் கூப்பிடுங்க," என்றான் லென்.

"அது என் வேலை இல்ல லென்." ஹிக்மன் குரல் இறங்கியது. "வராதவங்க பேர எழுதச் சொல்லியிருக்காங்க. என்ன எழுத வைக்காதீங்கப்பா."

ஜன்னல் முன் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொப்பியை எடுத்தார்கள்.

விழாக் கூடத்தில் வண்டி மேலிருந்த துணியை விலக்கினார்கள். விளக்கு வெளிச்சத்தில் கரும்பச்சை பளபளத்தது, அழகாகத்தான் இருந்தது. புதிய முதலாளி நூறு வருடப் பாரம்பரியம் பற்றிப் பேசினார், அடுத்த நூறு வருடம் பற்றியும் பேசினார். சுவர்க்கடிகாரம் நான்கைத் தாண்டும்வரை பேசினார்.

புகைப்படக்காரர் பின்வரிசைப் பக்கம் வந்து லெனிடம் குனிந்தார்.

"சார், கைல இருக்கிற பேப்பர் படத்துல விழுது. கொஞ்சம் மறைச்சுக்கங்க. எல்லாரும் தட்டும்போது நீங்களும் நல்லாத் தட்டுங்க."

லென் படிவத்தைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் தட்டினான்.