அளவெடுக்காத மாத்திரை

தையல் மெஷின் பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டையை வைத்துவிட்டு, பெயிண்டர் தன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். போன வருஷம் அவரே அடித்த பெயிண்ட்தான். தடவிப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

"தினம் ஒண்ணு போட்டுக்கோக்கா. உடம்புக்கு நல்லது."

"என் உடம்புக்கு என்னடா கேடு?"

"சும்மா, ஒரு பாதுகாப்புக்கு."

அக்கா விடுகிற ஆள் இல்லை. பொய் சொல்லும்போது தம்பியின் கை எதையாவது தடவும் என்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"அளவெடுக்காம ஒரு ரவிக்கைத் துணியை வெட்டுவேனாடா நான்? என் வயித்துக்குள்ள மட்டும் அளவில்லாம போடச் சொல்றியே. எனக்கு அல்சர் இருக்கிறது மறந்து போச்சா?"

பெயிண்டருக்கு முகம் வெளுத்தது. அதற்குமேல் மறைக்க முடியாமல் எல்லாவற்றையும் சொன்னார்.

தனக்கு மலத்தில் ரத்தம் போனதை மூலம் என்று நினைத்துப் பல மாதம் தள்ளிப்போட்டிருக்கிறார். கடைசியில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, பெருங்குடலில் இருந்த சதை வளர்ச்சிகளை எடுத்திருக்கிறார். குடல் புற்றுநோயைக் கொண்டுவரக்கூடிய பரம்பரைக் கோளாறு இருப்பதும் பரிசோதனையில் தெரிந்தது. கூடப் பிறந்தவர்களிடம் கட்டாயம் சொல்லச் சொன்னார் டாக்டர். ஆனால் அக்கா மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். அப்பா குடல் புற்றுநோயில் செத்ததையே 'வயிற்றுவலி' என்று ஊரிடம் சொல்லி, தானும் அதையே நம்பத் தொடங்கிவிட்ட குடும்பம் அது. பெயிண்டர் வாயை மூடிக்கொண்டு, தனக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியை அக்காவிடம் கொண்டுவந்துவிட்டார். நல்ல மனசுதான். ஆனால் நல்ல மனசு வைத்தியம் பார்க்காது.

"ரத்தம் ஒண்ணுதானேக்கா, மருந்தும் ஒண்ணுதான்னு நெனச்சேன்."

"கிளம்பு, டாக்டரைப் பாப்போம்" என்று அக்கா செருப்பை மாட்டினார்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "இது ஆஸ்பிரின். வீக்கத்தைத் தணிக்கிற மருந்து. உங்க தம்பிக்கு இருக்கிற மாதிரிக் கோளாறு உள்ளவங்களுக்குப் புற்றுநோய் வர்ற வாய்ப்பை இது குறைக்கலாம்னு ஆராய்ச்சியில தெரியுது. அதுக்காக எல்லாரும் போட முடியாதும்மா. அல்சர் இருந்தா வயித்துல ரத்தம் கசியலாம். மாத்திரை போட்டாலும் குழாய் விட்டுப் பாக்கிறதை நிறுத்தக் கூடாது. முதல்ல உங்களைப் பாப்போம்."

பரிசோதித்ததில் அக்காவுக்கும் அந்தக் கோளாறு இருந்தது. குடலில் ஒரு சிறு சதை வளர்ச்சியும் இருந்தது. அது புற்றாக மாறுவதற்குள் எடுத்துவிட்டார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. முதலில் அல்சரைக் குணமாக்குவோம், மாத்திரையைப் பற்றி அப்புறம் யோசிப்போம் என்றார் டாக்டரம்மா.

வீட்டில் அக்கா மகள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "நானும் டெஸ்ட் பண்ணிக்கிறேன். இதைச் சொன்னதும் ஓடிப் போற மாப்பிள்ளை, நாளைக்கு எனக்குத் தலைவலின்னாலும் ஓடிப் போவான்மா."

பெயிண்டர் தலை குனிந்திருந்தார். "கோவமாக்கா?"

"இருக்காதா பின்ன? ஆனா நீ அந்த அட்டையை நீட்டலைன்னா நான் கேட்டிருக்க மாட்டேன். கேக்கலைன்னா இது வளந்திருக்கும். நீ நல்லா இருக்கணும்டா." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. தம்பியின் பெயிண்ட் படிந்த கையைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு சித்தப்பா மகனுக்குப் போன் போட்டார். "அண்ணே, எங்கப்பா செத்தது வயித்துவலியில இல்ல" என்று தொடங்கி, ஒன்றுவிடாமல் சொன்னார்.

"சொன்னியே தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். அந்த மாத்திரை எவ்வளவு பவருன்னு சொல்லு, இப்பவே வாங்கிக்கிறேன்."

"அதை டாக்டர் சொல்லட்டும்ணே. நம்ம குடும்பத்துல என்ன நோவு இருக்குன்னுதான் நாம சொல்லணும். பங்கு போட வேண்டியது சேதியை, மாத்திரையை இல்ல."