ஏழாம் பாடத்தில் இருப்பவர்

டீச்சர் முதன்முதலாக வந்தபோது அவன் மேஜைக்கு அடியில் தலையைக் கொடுத்து, சிக்கிக் கிடந்த ஒயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். அறை வாசலில் இரண்டு செருப்புக் கால்கள் வந்து நின்றன. ஒன்று நேராக ஊன்றியிருந்தது. இன்னொன்று சற்றே வெளிப்பக்கம் திரும்பி, தரையை நம்பலாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"தம்பி, என் படத்த எடுத்துடுங்க."

"எடுத்துடலாம்மா. எந்த வார்டு, யார் அனுப்பினாங்க?" என்று அவன் அடியிலிருந்தே கேட்டான்.

"அந்த எடுக்கறது இல்ல. இது... எடுத்துடறது. இல்லாம பண்றது."

அவன் நிமிர்ந்ததில் மேஜை விளிம்பு மண்டையில் இடித்தது. தலையைத் தேய்த்துக்கொண்டே பார்த்தான். ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட பருத்திப் புடவை, தோளில் கனமான பை, விரல் நுனியில் சுண்ணாம்புத் தூள். முகம் தெரிந்த முகம். யாரென்று உடனே பிடிபடவில்லை, ஏனென்றால் அவன் மனதில் இருந்த அந்த முகத்தின் வலப்பக்கம் தொங்கிப்போயிருந்தது.

செவிலியர் கல்லூரியில் அவனைப் படக்காரத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பது நெருங்கியும் தம்பிதான். மூன்றாம் மாடியில், உடைந்த கட்டில்கள் போட்டிருந்த அறையைக் காலிசெய்து, சத்தம் புகாதபடி சுவரெல்லாம் பஞ்சுப் பலகை அடித்து, ஒன்பது வருடமாக அங்கே பாடப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்தான். ஊசி போடுவது, கட்டு கட்டுவது, பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது, இதயம் எப்படி அடித்துக்கொள்கிறது என்று காட்டும் அசைபடம், நுரையீரலின் விதவிதமான இரைச்சல்கள் என்று இருநூற்றுச் சொச்சம் பாடங்கள். எல்லாம் இலவசம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரே வாசகம்: யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், வெட்டலாம், ஒட்டலாம், மொழிமாற்றலாம், எங்கும் காட்டலாம்; கொடுத்த உரிமை திரும்பப் பெறப்படாது. அந்த வாசகத்தை எழுதியவன் அவன்தான். எங்கோ ஒரு கல்லூரியில் பயிற்சிப் பொம்மை வாங்க வழியில்லாமல், வெள்ளைப் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி அவன் படங்களைப் போட்டுக் காட்டுவதாக ஓர் ஆசிரியை எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தான். மனம் சோரும் நாட்களில் அதைத்தான் ஏறிட்டுப் பார்ப்பான்.

டீச்சர் ஏழாம் பாடத்தில் இருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு போவது பற்றிய பாடம் அது. மூன்று வருடத்துக்கு முன்பு எடுத்தது. படத்தில், பேச்சுப் பயிற்சி தரும் மருத்துவர் ஒவ்வொரு பொருளாகக் காட்டி இது என்ன என்று கேட்பார். முதலில் கரண்டி. டீச்சர் "கரண்டி" என்று சொல்லிவிடுவார். அடுத்து கைக்கடிகாரம். "கரண்டி." சீப்பு. "கரண்டி." பேனா, சாவி, குடை, எல்லாமே கரண்டிதான். கடைசியில் மருத்துவர் பக்கத்தில் நிற்கும் கணவரைக் காட்டி, "இவர் யாரு?" என்பார். டீச்சர் அவரை அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் மலர்ந்து, "கரண்டி" என்பார். மூன்று நிமிடம் பத்து நொடி. இருநூற்றுச் சொச்சத்தில் அதிகம் பேர் பார்த்த பாடம் அதுதான்.

"பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போயிட்டேன் தம்பி" என்று டீச்சர் உட்கார்ந்தார். "கணக்கு. எட்டாவது, ஒம்போதாவது. எங்கிட்டப் படிச்ச பொண்ணு ஒண்ணு நர்ஸிங் சேர்ந்திருக்கு. அவ வகுப்புல இதைப் போட்டிருக்காங்க. அவ அழுதுட்டாளாம். பாவம் நம்ம டீச்சர்னு பழைய பசங்களுக்கெல்லாம் அனுப்பிட்டா." இங்கே ஒரு சொல் வரவில்லை. டீச்சர் ஆள்காட்டி விரலால் முழங்காலைத் தட்டினார், ஒன்று, இரண்டு, மூன்று. சொல் வந்தது. "பரவிடுச்சு. இப்ப நான் வகுப்புக்குள்ள போனா, பின்னால இருந்து ஒரு குரல். கரண்டி. திரும்பினா எல்லாம் தலையைக் குனிஞ்சு கணக்குப் போடுதுங்க."

அவர் அழவில்லை. அதுதான் அவனை என்னவோ செய்தது. அவர் கண்ணெதிரிலேயே படத்தைக் கல்லூரித் தளத்திலிருந்து நீக்கினான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "அவ்வளவுதானா?" என்று டீச்சர் நம்ப முடியாமல் கேட்டார். "அவ்வளவுதான் டீச்சர்" என்று அவனும் மனதார நம்பித்தான் சொன்னான்.

அடுத்த வாரமே டீச்சர் கணவரோடு வந்தார். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சட்டைப் பையில் டெஸ்டர் குத்தியிருந்தது. கைபேசியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதில் படம் ஓடிக்கொண்டிருந்தது. வேறொரு கல்லூரியின் தளம். இன்னொன்றில் புரியாத மொழியில் எழுத்து ஓடியது. மூன்றாவதில் யாரோ ஒரு புண்ணியவான் ஒவ்வொரு கரண்டிக்கும் டிங் என்று மணிச் சத்தம் சேர்த்திருந்தான்.

அவன் அன்றைக்கே, படத்தை நீக்கச் சொல்லி எழுத ஆரம்பித்தான். முப்பத்தோரு இடங்களுக்கு எழுதினான். பாதி கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது. ஏழு பேர் நீக்கினார்கள். மற்றவர்கள் மரியாதையாகப் பதில் எழுதினார்கள்: உங்கள் வாசகப்படி இதை யாரும் எப்போதும் பயன்படுத்தலாம், கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற முடியாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவன் எழுதியதை வெட்டி ஒட்டி அவனுக்கே அனுப்பியிருந்தார்கள். மணிச் சத்தக்காரன் மட்டும் ஒரு சிரிப்புப் படத்தைப் பதிலாகப் போட்டான்.

துறைத் தலைவி மேடமிடம் போய் நின்றான்.

"ஒப்புதல் படிவம் இருக்கு. வீட்டுக்காரர் கையெழுத்து இருக்கு. நாம ஏதாவது தப்புப் பண்ணினோமா?" என்றார் அவர்.

"பண்ணலை மேடம்."

"அப்புறம் என்ன?"

"அப்புறம் ஒண்ணும் இல்ல மேடம். அதான் மேடம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சொன்னது என்னவென்று அவனுக்கே புரியவில்லை.

எழுதிய கடிதங்களில் ஒன்றுக்கு எதிர்பாராத இடத்திலிருந்து பதில் வந்தது. அந்தக் கல்லூரி ஆசிரியர், படத்தை நீக்கப்போவதாக வகுப்பில் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஒரு காலையில் அவளுடைய அப்பா கையில் சீப்பை வைத்துக்கொண்டு, அதற்குப் பெயர் சொல்லத் தெரியாமல் கண்ணாடிமுன் நின்றாராம். வீட்டில் எல்லோரும் தூக்கக் கலக்கம் என்று கேலி செய்ய, அவளுக்கு மட்டும் ஏழாம் பாடம் நினைவுக்கு வந்ததாம். ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் சேர்த்துவிட்டாள். இப்போது அப்பா நன்றாக இருக்கிறார். தயவுசெய்து அந்தப் படத்தை எடுத்துவிடாதீர்கள், அந்த அம்மாவுக்கு என் நமஸ்காரம் என்று முடித்திருந்தாள்.

ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, கணவரோடு மறுபடி வந்த டீச்சருக்கு அதைப் படித்துக் காட்டினான். டீச்சர் கேட்டுவிட்டு வெகுநேரம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கட்டும் அவர்" என்றார். பிறகு, "இதை நீங்க எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம் தம்பி. இனிமே எடுக்கச் சொன்னா நான்ல பாவி" என்றார்.

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். படியிறங்கும்போது டீச்சர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக முன்னே போக, கணவர் இரண்டு படி பின்தங்கி அவனிடம் தணிந்த குரலில் பேசினார்.

"அன்னிக்கு அந்தப் படிவத்துல என்ன எழுதியிருந்துச்சுன்னுகூட நான் படிக்கலை தம்பி. டாக்டரம்மா பக்கத்துல நின்னாங்க. வேண்டாம்னு சொன்னா பயிற்சி குடுக்க மாட்டாங்களோன்னு பயம்."

"அப்படியெல்லாம் இல்லண்ணே."

"இல்லைன்னு இப்பத் தெரியுது" என்றார் அவர். "இவ என்னை ஒரு வார்த்தை கேக்கலை. ஏன் கையெழுத்துப் போட்டேன்னு கேட்டுட்டாத் தேவலை."

அவர்கள் போன பிறகு பழைய வட்டுகளைத் துழாவி, அன்றைக்கு எடுத்த முழுப் பதிவையும் தேடிப் பிடித்தான். நாற்பத்தேழு நிமிடம். கதவைச் சாத்திக்கொண்டு ஓட விட்டான்.

மருத்துவர் கடிகாரத்தைத் தூக்கிக் காட்டுகிறார். டீச்சர் அதைப் பார்க்கிறார். உதடு குவிகிறது, விரிகிறது. கண் மேலே போகிறது, சுவரில் எழுதியிருப்பதைத் தேடுவதுபோல. கழுத்து நரம்பு புடைக்கிறது. இடது கையால் வலது கையைப் பிடித்து அழுத்துகிறார். முப்பத்தெட்டு நொடி. பிறகுதான் அந்தச் சொல் வருகிறது, தவறான சொல். சொன்ன மறுகணமே அது தவறு என்று தெரிந்துவிடுகிறது. முகத்தில் அப்படி ஒரு அவமானம். தலையை ஆட்டி மறுக்கிறார், மறுபடி முயல்கிறார். சீப்புக்கு ஒரு நிமிடம். சாவிக்கு அதற்கும் மேல். அந்த நிமிடங்களையெல்லாம் வெட்டியவன் அவன். வேகமாக இருந்தால்தான் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று, சொல்லும் சொல்லும் ஒட்டி வரும்படி, கரண்டி, கரண்டி, கரண்டி என்று தொடுத்தவன் அவன். அன்றைக்கு மேடம் முதுகில் தட்டிக்கொடுத்ததுகூட அந்த வேகத்துக்காகத்தான். மணிச் சத்தம் போட்டவன் பெரிதாக எதையும் கெடுத்துவிடவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. பாதி வேலையை இவனே செய்துகொடுத்திருந்தான்.

பதிவின் தொடக்கத்தில் அவனுடைய குரலே கேட்டது. உற்சாகமான குரல். "அம்மா, இதை எல்லாரும் பாக்கற மாதிரி போடலாமா? உங்களுக்குச் சம்மதமா?"

"ஆமா" என்றார் டீச்சர்.

"சந்தோஷம்மா. வெளிச்சம் கண்ணைக் கூசுதா?"

"ஆமா."

"கூசலையே?"

"ஆமா."

"சரிம்மா, ஆரம்பிச்சுடலாம்" என்றது அவன் குரல். அவன் நிறுத்தினான். திரும்ப ஓட்டிக் கேட்டான். நாற்பத்தேழு நிமிடத்தில் கரண்டியைத் தவிர அந்த அம்மா வாயில் இருந்தது அந்த ஒரு சொல்தான்.

இதைத் தன்னோடு வைத்துக்கொள்ள அவனால் முடியவில்லை. மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்துக்கே போனான். ஆசிரியர் அறையில் டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான், வெட்டியதையும், ஆமா என்றதையும். டீச்சர் சிவப்புப் பேனாவை மூடாமல் கேட்டார்.

"ஆமான்னு சொன்னேனா?"

"எல்லாத்துக்கும் சொன்னீங்க டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்தார். "நல்லவேளை, நீங்க வேற எதையும் கேக்கலை."

அவன் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். இப்போது நன்றாகப் பேசுகிறீர்கள், இன்னொரு படம் எடுக்கலாம், அதே நாற்காலியில், அதே பொருட்களோடு. அதையும் எல்லா இடத்துக்கும் அனுப்பலாம்.

"வேண்டாம்."

"பாக்கறவங்களுக்குத் தெரியும் டீச்சர், நீங்க இப்ப..."

"நான் சீப்பைச் சீப்புன்னு சொல்லி ஊருக்கு நிரூபிக்கணுமா?" குரல் உயரவில்லை. விரல் மட்டும் மேஜையைத் தட்டத் தொடங்கியிருந்தது. "அது வேற மொழிக்காரங்க யாருக்காவது போய்ச் சேரும். என் ஒம்போதாவது பசங்களுக்குச் சேராது. அவங்களுக்குக் கரண்டிதான் பிடிச்சிருக்கு."

அவன் கையைப் பிசைந்தான். தன்னிடம் இருந்தது எல்லாம் தீர்ந்துபோனதுபோல் இருந்தது. கடைசியாக, "நான் வேணா உங்க வகுப்புல வந்து சொல்றேன். நான் எப்படி வெட்டினேன்னு" என்றான்.

"சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"தெரியலை டீச்சர்."

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பதில் பிடித்திருந்ததோ என்னவோ, விடைத்தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டு எழுந்தார். "இப்ப அந்த வகுப்புதான். வாங்க. நான் முதல்ல போறேன். கூப்பிட்டா வாங்க."

நீளமான நடைவழி. டீச்சர் சுவரோரமாக நடந்தார், அவன் பின்னால். ஒன்பதாம் வகுப்புக் கதவின் மேல்பாதியில் கண்ணாடி பதித்திருந்தது. டீச்சர் உள்ளே போனார். நாற்பது பேர் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. கதவு தானாகச் சாத்திக்கொள்ள, சத்தம் அறுந்தது.

அவன் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி நின்றான். டீச்சர் கரும்பலகைமுன் நின்று பேசிக்கொண்டிருந்தார். வாய் அசைவது தெரிந்தது, ஒரு சொல்லும் கேட்கவில்லை. கணக்கைத்தான் சொல்கிறாரா, தன்னைப் பற்றிச் சொல்கிறாரா என்று உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றான். முன்வரிசைப் பிள்ளைகளின் பின்னந்தலைகள் அசையாமல் இருந்தன. பின்வரிசையில் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள், சிரிப்பை அடக்கவா வேறெதற்கா என்று தெரியவில்லை. திடீரென்று டீச்சரின் வாய் நின்றது. உதடு குவிந்தது, விரிந்தது. கண் மேலே போனது. அவன் தன்னையறியாமல் நொடிகளை எண்ணத் தொடங்கினான். பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. யாரும் அசையவில்லை. பத்தொன்பதில் டீச்சர் வலது கையை உயர்த்தினார். அது அவனைக் கூப்பிடும் கையா, பின்வரிசையை அமர்த்தும் கையா என்று புரியாமல், கதவின் பிடியில் விரல்களை வைத்தபடி அவன் நின்றுகொண்டிருந்தான்.