இறங்கும் காட்சி

மேக்கப் அறையில் பெரிய பூட்டு தொங்கியது. காலையில் அவனே பூட்டியதுதான். குழாய் உடைந்து உள்ளே தண்ணீர் தேங்கிவிட்டது என்று சொல்லச் சொல்லியிருந்தார் மேனேஜர். குழாயில் ஒரு கோளாறும் இல்லை. நகராட்சிக் கலையரங்கத்தில் லைட் போடும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து இந்த மாதிரிச் சில்லறைப் பொய்களெல்லாம் அவனுக்குப் பழகிப்போயிருந்தன. ஆனால் இன்றைக்குப் பொய்யைக் கேட்டுக்கொள்ள எதிரே நின்றது அவனுடைய அக்கா.

அது மேனேஜருக்குத் தெரியாது. அரங்கத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

அக்கா துப்புரவுத் தொழிலாளி. மாமாவும் அதே வேலைதான். ஒரு ஆஸ்பத்திரியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கியவர் பிணமாகத்தான் மேலே வந்தார். அதற்குப் பிறகு அக்கா மூலையில் உட்காரவில்லை. கூட வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு நாடகம் போட ஆரம்பித்தாள். தெருமுனைகளில் போட்டார்கள், தொழிற்சங்க ஆபீஸ் வாசலில் போட்டார்கள். பிறகு கலையரங்கத்தைக் கேட்டார்கள். தினமும் நாங்கள் கூட்டித் துடைக்கிற மேடைதானே, ஒருநாள் அதில் ஏறி நின்றால் என்ன என்று கேட்டார்கள். அதிகாரிகள் சுற்றிச் சுற்றி அலையவிட்டார்கள். கடைசியில் பெண்கள் துடைப்பங்களை அரங்கத்துக் கேட்டுக்கு முன்னால் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் நாறத் தொடங்கியதும் அனுமதி வந்தது. இவ்வளவும் நடந்தபோது அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழே இறங்கிப் போகவில்லை.

போக வேண்டாம் என்று சொன்னவளும் அக்காதான். அவனை எலக்ட்ரீஷியன் படிப்பு படிக்க வைத்தவள் அவள். வேறு ஏரியாவில் அவனுக்கு வாடகை வீடு அமைந்தபோது, எங்களைச் சொந்தம் என்று எங்கேயும் சொல்லிக்கொள்ளாதே, நீயாவது நிம்மதியாக இரு என்று சொல்லித்தான் அனுப்பினாள். வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஆனால் இன்னார் என்று தெரிந்தால் வீட்டைக் கொடுத்திருக்க மாட்டார். மாமா செத்த அன்று கூட, தெரிந்தவர் ஒருத்தர் தவறிவிட்டார் என்று சொல்லித்தான் அவன் லீவு வாங்கினான்.

“குழாய் உடைஞ்சிருச்சாம்” என்றான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் பூட்டைப் பார்த்தான். மேனேஜர் அவனுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

அவனுடைய சட்டைக் காலர் மடங்கியிருந்தது. அதை நேராக்கிவிட அக்காவின் கை லேசாக எழுந்து, பாதியிலேயே இறங்கியது. “அனுமதியில மேக்கப் ரூமும் சேத்துத்தான் சார் குடுத்திருக்காங்க” என்றாள் அவனைப் பார்த்து. “பரவாயில்ல சார். நாங்க மோட்டார் ரூம் பக்கம் போய் வேஷம் போட்டுக்கிறோம்.”

அவள் வாயிலிருந்து வந்த ‘சார்’ அவனுக்குள் எங்கேயோ போய்த் தைத்தது. மேனேஜர் திருப்தியாகத் தலையாட்டினார். பெண்கள் போன பிறகு அவன் தோளில் கை போட்டு லைட் ரூமுக்கு அழைத்துப் போனார். கெட்டவர் இல்லை. அவன் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவர். மேலேயிருந்து போன் வந்தால் மட்டும் அவருக்கு வேர்த்துவிடும். இன்றைக்கும் வந்திருந்தது. மாமா செத்த அந்தத் தொட்டியைக் கான்ட்ராக்ட் எடுத்த ஆளுக்கு வேண்டியவர்கள் பேசியிருந்தார்கள்.

“தம்பி, நாடகம் நடக்கட்டும். கடைசியா ஒருத்தன் தொட்டிக்குள்ள இறங்குற சீன் இருக்காம். அது வந்ததும் மெயினை ஆஃப் பண்ணிடுங்க. கரண்டு போச்சுன்னு சொல்லி நான் முடிச்சு வச்சிடுறேன்” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இவர்கள் வந்துபோன பிறகு அரங்கத்தை ஒருதரம் கழுவிவிட வேண்டும், கழுவுவதற்கும் இவர்களைத்தான் கூப்பிட வேண்டும், அதுதான் வேடிக்கை என்று சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்து வைத்தான். இத்தனை வருஷமாக எதற்கெல்லாம் இப்படிச் சிரித்து வைத்திருக்கிறோம் என்று படி இறங்கும் அவருடைய முதுகைப் பார்த்தபடி நினைத்தான்.

மதியம் அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசை நாற்காலிகளில் உட்காரத் தயங்கிச் சிலர் பின்சுவரோரம் நின்றார்கள். சங்கத்துப் பெண் ஒருத்தி கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தாள். லைட் ரூம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவன் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். செத்தவனின் மனைவியாக அக்கா வருவாள், மேடையில் உடைந்து அழுவாள் என்று பயந்துகொண்டிருந்தான். அந்த வேஷத்தில் வந்தது வேறொரு பெண். அக்கா வந்தது ஆண் சட்டையில், கரியால் வரைந்த மீசையோடு, ஆளை இறக்கிவிடும் கான்ட்ராக்டராக.

அவள் நடையைப் பார்த்ததுமே கூட்டம் சிரித்தது. காதில் போனை வைத்துக்கொண்டு குழைவதும், திரும்பி வேலையாட்களிடம் விறைப்பதும், மறுபடி குழைவதுமாக அவள் செய்ததில் அவனுக்கே சிரிப்பு வந்தது. பிறகு மேடை நடுவில், கீழே இறங்க வழிவிட்ட குழியின் மேலிருந்து ஒரு பழைய இரும்பு மூடியை நகர்த்தினார்கள். தரையில் அது உரசிய சத்தத்தில் சிரிப்பு நின்றது. வேலையாள் தயங்கி நின்றான். அக்கா அவன் தோளில் கை போட்டாள்.

“ஒண்ணும் ஆகாதுப்பா. அஞ்சு நிமிஷ வேலை. நான் மேலயேதான நிக்கிறேன்?”

கத்தவில்லை. மிரட்டவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னாள். மாமாவிடமும் இப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. அந்தக் குரலை வீட்டில் தனியாக எத்தனை தரம் பேசிப் பார்த்திருப்பாள்?

மெயின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. மேடையின் மற்ற விளக்குகளையெல்லாம் மெதுவாகத் தணித்து, குழியின் மேல் மட்டும் ஒரு வட்டத்தை வைத்தான். பிறகு எழுந்துபோய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டான்.

படியில் காலடிச் சத்தம் ஏறி வந்தது. கதவைத் தட்டினார் மேனேஜர். “தம்பி, என்ன பண்றீங்க? ஆஃப் பண்ணுங்க.” இன்னும் வேகமாகத் தட்டினார். “தம்பி, என் வேலைக்கு உலை வச்சிடாதீங்க. யாருக்காக இதெல்லாம்? அவங்க யாரு உங்களுக்கு?”

வேலையாள் குழிக்குள் பாதி இறங்கியிருந்தான். லைட் ரூமில் அவன் மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல் வட்டத்தை இன்னும் கொஞ்சம் சுருக்கினான்.

“எங்க அக்கா சார். கூடப் பொறந்தவங்க.”

வெளியே தட்டுவது நின்றது. உள்ளே இறங்கியவனின் பெயரைச் சொல்லி மேடையில் ஒரு பெண் கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தியும் சேர்ந்து கூப்பிட்டாள். அந்தக் குரல் வட்டத்துக்கு வெளியே இருட்டில் ஒவ்வொரு வரிசையாகப் பரவியது. அது அடங்கும்வரை மேனேஜர் கதவுக்கு அந்தப் பக்கமே நின்றிருந்தார் போலும். பிறகு நிதானமாகப் பேசினார்.

“சாவிய டேபிள்ல வச்சிட்டுப் போ.”

‘தம்பி’ இல்லை. ‘ங்க’ இல்லை.

வாட்ச்மேன் மூலமாகச் செய்தி அவனுக்கு முன்பே கீழே வந்துவிட்டிருந்தது. அக்கா வாசலில் நின்றாள். கட்டிப்பிடிப்பாள் என்று அவன் எதிர்பார்த்திருந்தால் அது நடக்கவில்லை. பளாரென்று புஜத்தில் ஒன்று வைத்தாள். “கிறுக்காடா உனக்கு? ஒத்தப் பிள்ளைய வச்சிருக்க. நாங்க இருட்டுல கூட ஆடியிருப்போம்டா” என்றாள். சொல்லும்போதே மீசை வியர்வையில் கரைந்து உதட்டுக்கு இறங்கியது. அவள் துடைக்கவில்லை. சாமான்களைக் குப்பைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழுவிச் சுத்தமாக இருந்தாலும் அது குப்பை வண்டிதான், நகராட்சியின் பெயர் எழுதியது. அவன் போய்க் கைப்பிடியில் ஒரு பக்கத்தைப் பிடித்தான்.

சாயங்கால வெயில் இன்னும் இருந்தது. பெண்கள் வேஷம் கலைக்காமல் பேசிச் சிரித்தபடி பின்னால் வந்தார்கள். பெரிய ரோடு முடிந்து அவன் குடியிருக்கும் தெரு வந்ததும் அக்கா பேச்சை நிறுத்தினாள்.

“இப்படி வேணாம். பின்பக்கமா சுத்திப் போயிடலாம்டா.”

அவன் வண்டியைத் திருப்பவில்லை. சக்கரம் கிறீச்சிட்டபடி உருண்டது. நாலாவது வீட்டு கேட்டில் வீட்டுக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தவர் முதலில் வண்டியைப் பார்த்தார், பிறகு மீசை வைத்த பெண்ணை, பிறகு அவனை. கையிலிருந்த ரப்பர் குழாயை அவர் மறந்துவிட்டார். பூந்தொட்டி நிரம்பி, மண்ணோடு தண்ணீர் விளிம்பில் வழிந்து, கேட்டுக்கு அடியில் நுழைந்து தெருவுக்கு வந்தது. அவர்கள் வருகிற பக்கமாகவே ஓடி வந்தது.