அம்மாபேட்டையின் முதல் மின்சார ஷவர்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலாம் வருஷம், அம்மாபேட்டையில் வாடகைக்கு விட்ட வீடொன்றில் முதன்முதலாக மின்சார வெந்நீர் ஷவர் பொருத்தப்பட்டது. வீட்டுக்காரர் தீர்த்தகிரி ஸ்விட்சுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, தானே கைதட்டியும் கொண்டார்.

குடியிருந்த கஸ்பாரோ ஷவரிலிருந்து போன கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பெற்ற மனைவி ஜெபமலர் இன்றுதான் தலைக்குக் குளிக்கப் போகிறாள். காலையில் குழாயைத் தொட்டபோது அவர் கை சுரீரென்றது.

"ஏனுங்க, எர்த் கம்பி எங்கீங்க போகுது?"

"வயர்மேன் மண்ணுல புதைக்கச் சொன்னானுங்க. புதுசா சிமெண்டு போட்ட வாசலை நோண்ட உடுவனா? மாடியில பூந்தொட்டிக்குள்ள புதைச்சுட்டேன். அதுவும் மண்ணுதானுங்களே!"

குளியலறையில் தாழ்ப்பாள் விழுந்தது.

"மலரு, குழாயைத் தொடாதே!" கஸ்பார் அலறிக்கொண்டே ஓடி மெயினை அணைத்தார்.

"இவ்வளவு பயந்தா எப்படீங்க?" என்று சிரித்தார் தீர்த்தகிரி.

"அப்போ நீங்க முதல்ல குளிச்சுக் காட்டுங்க."

"எனக்குக் கெணத்துத் தண்ணிதானுங்க ஒத்துக்கும்."

ஜெபமலர் விறகடுப்பில் காய்ச்சிய வெந்நீரில் குளித்தாள்.