அரைவட்டத்துக்கு வெளியே

எங்கள் பிறைச்சுடர் ஹொக்கிக் கழகத்தின் வரலாற்றை யார் சொல்லத் தொடங்கினாலும் நளீமின் கோலில்தான் வந்து நிற்பார்கள். கல்முனையில் எல்லோரும் கிரிக்கெட், கால்பந்து என்று திரிந்த காலத்தில் பூவரசங் கொப்பைச் சீவி முதல் மட்டையைச் செய்தவன் ஜவுபராகிய நான். கடற்கரை மணலில் பொடியன்களைச் சேர்த்து ஓடவிட்டவனும் நான். அதையெல்லாம் ஒருவரும் வாயில் எடுக்கமாட்டார்கள்.

அந்தக் கோலின் சங்கதி இதுதான். அட்டாளைச்சேனை அணியோடு மாவட்டக் கிண்ணத்துக்கான இறுதியாட்டம், முடிகிற நேரம். பந்தை மைதானத்தின் பாதியிலிருந்து கொண்டு ஓடி, மறித்தவர்களையெல்லாம் ஏமாற்றி, தூரத்திலிருந்தே ஓங்கி அடித்தேன். கோலுக்கு முன்னால் சும்மா நின்ற நளீம் மட்டையை நீட்டினான். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். பந்து உள்ளே. நோகாமல் நுங்கு தின்றவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். கழகம் வென்ற ஒரே கிண்ணம் அதுதான்.

பிறகு அவன் கத்தாருக்குப் போனான், வந்தான், எல்லோருக்கும் ஜேர்சி வாங்கிக் கொடுத்தான், தலைவரானான். நான் உப தலைவர். அந்தப் பிள்ளை என்னை அண்ணனாக நினைத்து 'நானா, நானா' என்று எப்போதும் மரியாதையாகத்தானே கதைக்கிறது என்று என் மனைவி சுஹறா அவனுக்காகப் பரிந்து பேசுவாள். அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதல் வயிற்றெரிச்சல்.

இந்த வருடம் வெள்ளிவிழா. கிண்ணத்தை வென்று தந்த கோலை அடித்தவருக்குப் பொன்னாடை போர்த்துவதென்று கூட்டத்தில் முடிவெடுத்தார்கள். யார் அடித்தது என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் கையைத் தூக்கிவிட்டு வந்தேன்.

விழா மேடையில் கிண்ணத்தை மினுக்கி வைத்திருந்தார்கள். அட்டாளைச்சேனை அணியின் அந்த நாளைய தலைவர் மசூர், விருந்தாளியாக முன்வரிசையில் இருந்தார். நளீம் மைக்கைப் பிடித்துக் கழகத்தின் கதையைச் சொன்னான். பூவரசங் கொப்பிலிருந்தே தொடங்கினான், என் பெயரைச் சொல்லி. எனக்கே நம்பமுடியவில்லை. அவன் அதோடு நிற்கவுமில்லை.

"இந்தப் பொன்னாட எனக்கில்ல. அண்டைக்கு பந்து என்ட மட்டையில படவே இல்ல. அது ஜவுபர் நானாட கோல்."

மண்டபம் கைதட்டியது. இத்தனை காலமாக நான் கேட்க ஏங்கிய சொல். பெருமை தாங்காமல் எழுந்து மேடையில் ஏறிவிட்டேன்.

மசூர் இருந்த இடத்திலிருந்தே சிரித்தார். "அப்ப அது கோலே இல்லியே. கிண்ணத்த எங்களுக்குத் தாங்க."

ஹொக்கிச் சட்டம் அப்படி. கோலுக்கு முன்னாலுள்ள அரைவட்டத்துக்குள் நம் ஆள் ஒருவரின் மட்டை பட்டுப் போனால்தான் கோல். நான் அடித்ததோ அரைவட்டத்துக்கு எவ்வளவோ வெளியே நின்று. பேச்சு ருசியில் நளீமுக்குச் சட்டம் மறந்துபோயிருந்தது. அவன் முகம் வெளிறியது. ஜேர்சி போட்டு வந்த பொடியன்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு நின்றால் கோல் என்னுடையது. ஆனால் கிண்ணம் எங்களுடையதல்ல. நளீமின் கையிலிருந்து மைக்கை வாங்கினேன்.

"பட்டது. அந்தச் சத்தத்த நான் என்ட காதால கேட்டன். அது நளீம்ட கோல்தான்."

மசூரும் சேர்ந்து கைதட்டினார். யாரோ பொன்னாடையைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார்கள். நானே அதை விரித்து நளீமின் தோளில் போர்த்தினேன். அவன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதான்.

விழா முடிந்து படியிறங்கும்போது முன்னால் போன இரண்டு பேர் கதைத்துக்கொண்டது காதில் விழுந்தது. தான் அடித்த கோலையே இன்னொருவனுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தானே, நளீமுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு என்றார்கள்.