காவலன் ஏன் வாய் திறக்கவில்லை

என் சனிக்கிழமை வகுப்புக்கு வருகிறவர்கள் யாரும் சின்னப் பிள்ளைகள் இல்லை. ஆளுக்கு ஒரு வேலை, ஒரு குடும்பம், ஒரு முதுகுவலி இருக்கிறது. விட்டுப்போன பட்டப்படிப்பை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று வருகிறார்கள். நான் அவர்களுக்கு இலக்கியம் எடுக்கிறேன். கீழே மரச்சாமான் கடை என்பதால் வார்னிஷ் நெடி படியேறி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். அதை என்னால் விரட்ட முடியாது. ஆனால் கைபேசியை விரட்டலாம். உள்ளே வரும்போதே சத்தத்தை நிறுத்தி, என் மேஜை மேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் அதைப் போட்டுவிட வேண்டும் என்பது என் சட்டம். இதற்காக முதுகுக்குப் பின்னால் என்னென்னவோ சொல்கிறார்கள். சொல்லட்டும்.

முதல் வரிசையில் உட்காருகிறவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். கவுண்டரில் நின்று நின்று பழகியதாலோ என்னவோ, கேள்வி கேட்டால் அவளுக்கு உட்கார்ந்தபடி பதில் சொல்ல வராது. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமைதோறும் அவளை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, தெருவிலிருந்தே எனக்கு ஒரு சத்தம் கொடுப்பான். அன்றைக்கும் கொடுத்தான். "மிஸ், அந்த ராஜாவைச் சீக்கிரம் கொன்னு முடிங்க! இவ வீட்டுல சமைக்கிறதையே விட்டுட்டா!" அவள் தலையில் அடித்துக்கொண்டே படியேறி வந்தாள்.

பாடம், நாடக உத்திகள். எங்களுக்கு வைத்திருப்பது ஒரு பழைய துன்பியல் நாடகம். பகைவனின் கப்பல் இருட்டில் வருவதாகக் கேள்விப்பட்ட அரசன், கலங்கரை விளக்கை அணைக்கச் சொல்கிறான். கப்பல் பாறையில் மோதி நொறுங்க வேண்டும் என்பது அவன் திட்டம். ஆனால் பகைவனிடம் சிறைப்பட்டிருந்த அவனுடைய ஒரே மகன், அந்தக் கப்பலைக் கைப்பற்றி அதில்தான் வீடு திரும்பிக்கொண்டிருக்கிறான். அது அரசனுக்குத் தெரியாது. விளக்குக் காவலனுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கும் தெரியும். இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாடகத்தை வாசித்து முடித்தோம்.

"பின்னாடி வரப்போறதை முன்னாடியே கோடி காட்டுற இடம் எது?" என்று கேட்டேன்.

பஸ் கண்டக்டர் கையைத் தூக்கினார். "முதல் காட்சியில ராணி திரியைத் தூண்டும்போது விளக்கு அணைஞ்சிருது மிஸ். அப்பவே இது நல்லதுக்கில்லைன்னு நினைச்சேன்."

"அதேதான். அதுக்குப் பேர் முன்னுணர்த்தல். சரி, 'கடல் என் வேட்டைநாய், இன்றிரவு கவ்விக்கொண்டு வரும்'னு அரசன் சொல்றானே, அது என்ன? கடல் வேட்டைநாய் மாதிரின்னு சொல்லியிருந்தா உவமை. இவன் கடலையே நாயாக்கிட்டான். அதனால அது உருவகம்."

"நாய் எஜமானோட பிள்ளையைத்தான் கவ்விட்டு வரப்போகுதுன்னு அந்த ஆளுக்குத் தெரியலையே மிஸ்," என்றாள் மருந்துக்கடைக்காரி. எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அப்போது என் கைபேசி அடித்தது. என்னுடையது டின்னுக்குள் போகாது, ஆசிரியருக்கு அந்தச் சலுகை உண்டு. தெரியாத எண். எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனேன்.

பேசியவர் அவள் புருஷனின் அண்ணன். ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். மூச்சு வாங்கியது.

"தம்பி கால் லிஃப்டுக்கு அடியில மாட்டிக்கிச்சுங்க. ரத்தம் ரொம்பப் போயிருச்சு. ஆபரேஷனுக்கு ரெடி பண்ணிக்கிட்டிருக்காங்க. அவ ஃபோனை எடுக்க மாட்டேங்குறா, அதான் தம்பிகிட்ட நம்பர் வாங்கி உங்களுக்குப் போட்டேன். அவகிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதீங்க, தாங்க மாட்டா. என் பொண்டாட்டி கிளம்பி வந்துக்கிட்டிருக்கா. பக்குவமாப் பேசிக் கூட்டிட்டு வருவா. அதுவரைக்கும் பாடம் நடத்திக்கிட்டே இருங்க."

"உயிருக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தேன். அவர் பதில் சொல்லாமல் வைத்துவிட்டார். தன் பயத்தை என் முந்தானையில் முடிந்துவிட்டு, மனுஷன் கையைக் கழுவிக்கொண்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

திரும்பி உள்ளே வந்தேன். மேஜை மேல் டின் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. யாருடைய கைபேசி என்று பார்க்கவே வேண்டியதில்லை. டின்னை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்து மூடினேன். அடுத்த தலைப்பைக் கரும்பலகையில் எழுதப்போனபோதுதான் அது என்ன தலைப்பு என்று உறைத்தது. நாடக முரண். வேறு ஏதாவது எடுக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. சாக்பீஸ் கையிலேயே உடைந்தது. துண்டை வைத்து எழுதி முடித்தேன்.

"இதை நான் சொல்றேன் மிஸ்," என்று அவள் எழுந்து நின்றாள். உட்கார் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"நடக்கப்போறது பார்க்குற நமக்குத் தெரியும், அதுல மாட்டிக்கிட்ட ஆளுக்குத் தெரியாது. அதுதான் நாடக முரண். விளக்கை அணைச்சிட்டு அந்த ராஜா விருந்துக்கு உட்காருறாரு. 'நாளைக்குக் காலையில கரையில என்ன கிடக்குதுன்னு நானே போய்ப் பார்ப்பேன்'னு சிரிக்கிறாரு. அவரு சிரிக்கச் சிரிக்க நமக்குப் பதறுது. அவரு அழுதிருந்தாகூட இவ்வளவு பதறாது மிஸ்."

எவ்வளவு சரியாகச் சொல்கிறாள். அவள் முகம் மலர்ந்து இருந்தது. நன்றாகச் சொல்கிறோம் என்று அவளுக்கே தெரிந்த மலர்ச்சி. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. அவன் இந்நேரம் கண்ணை மூடியிருந்தால்? நான் இங்கே ஒரு பெண்ணை நிற்கவைத்து விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அங்கே எல்லாம் முடிந்துபோயிருந்தால்? அந்த ஓரகத்தி எங்கே வந்துகொண்டிருக்கிறாள், எப்போது வருவாள், வழியில் எத்தனை சிக்னல்? ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தேன். லாரியிலிருந்து ஒரு பீரோவை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ராஜா மேலகூடக் கோவம் இல்ல மிஸ்," என்று அவள் விடாமல் தொடர்ந்தாள். "அந்தக் காவலன் மேலதான். மூணு தடவை வாயைத் திறக்குறான். மூணு தடவையும் முழுங்கிடுறான்."

"சொன்னா தலை போயிரும்லம்மா," என்றார் கண்டக்டர்.

"போகட்டும் சார். கப்பல் இன்னும் மோதல. ஓடிப்போய் விளக்கை ஏத்தலாம். கேட்டா, 'அரசர் மனசு தாங்காதுன்னு சொல்லல'ம்பான். தாங்குறதா இல்லையான்னு இவன் யாரு முடிவு பண்றதுக்கு? நானா இருந்தா அவனைச் சும்மா விட்டிருக்க மாட்டேன்."

அப்போது இழுப்பறை கடகடவென்று ஆடியது.

"மிஸ், உங்க மேஜைக்குக் குளிர் ஜுரம்," என்றாள் அவள். வகுப்பே சிரித்தது.

இழுப்பறையைத் திறந்தேன். டின்னில் மேலாகக் கிடந்தது அவள் கைபேசி. திரையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அழைப்பது அவனேதான். உயிரோடு இருக்கிறான், இவளோடு பேச வேண்டும் என்கிறான், அதை நான் இழுப்பறைக்குள் பூட்டி வைத்திருக்கிறேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. கைபேசியை எடுத்து, "வெளிய வாம்மா," என்றேன். அவள் கையில் கொடுப்பதற்குள் அழைப்பு நின்றுவிட்டது.

படிக்கட்டில் நின்று, பக்குவம் எதுவும் பார்க்காமல் சொன்னேன். "உன் வீட்டுக்காரருக்கு அடிபட்டிருச்சு. வேலை செய்ற இடத்துல லிஃப்டுக்கு அடியில கால் மாட்டிக்கிச்சு. ரத்தம் போயிருக்கு. ஆபரேஷன் பண்ணப்போறாங்க. இப்பக் கூப்பிட்டது அவருதான். வா போவோம்."

அவள் கத்தவில்லை, மயங்கியும் விழவில்லை. அவன் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினாள். யாரும் எடுக்கவில்லை. கதவருகே நின்று கேட்டுவிட்ட கண்டக்டர் எங்களை முந்திக்கொண்டு ஓடிப்போய், ரோட்டின் நடுவில் நின்று கையை விரித்து ஒரு வாடகைக் காரை மறித்தார்.

கார் கிளம்பிய பிறகுதான் கேட்டாள். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"உருவகம் முடிஞ்சப்போ."

"அப்ப நான் எழுந்து நின்னு பேசினப்போ?"

"தெரியும்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் தேவலை. நான் டிரைவரைத்தான் விரட்டிக்கொண்டிருந்தேன், பாவம், அவர் என்ன செய்வார்.

ஆபரேஷன் அறைக்குப் போகிற தாழ்வாரத்தில் அண்ணன்காரர் நின்றிருந்தார். சட்டையெல்லாம் ரத்தக்கறை. அவளைக் கண்டதும் என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தார். பிறகு அவளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். நானும் விடாமல் கூடவே போனேன்.

"முட்டிக்குக் கீழ எடுத்தாகணுமாம்," என்றார் அடங்கிய குரலில். "எடுத்தாலும் எப்படின்னு சொல்ல முடியாதுங்குறாங்க. கையெழுத்து நான் போட்டுட்டேன். அவன்கிட்ட சின்ன ஆபரேஷன்னுதான் சொல்லி வெச்சிருக்கோம். இப்பக் கொண்டுவருவாங்க. மூஞ்சியைத் தொடைச்சுக்க. சிரிச்ச முகமா ரெண்டு வார்த்தை சொல்லி அனுப்பு, என்ன?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

தள்ளுவண்டி வந்தது. கழுத்துவரை பச்சைத் துணி. அதற்கு மேலே அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"கிளாஸை விட்டுட்டு எதுக்கு ஓடிவந்த? சின்ன அடிதான். கட்டுப் போட்டு அனுப்பிருவாங்க. திங்கக்கிழமை வேலைக்குப் போயிரலாம்னு அண்ணன் சொல்லுது."

நர்ஸ் மருந்துப் பாட்டிலைப் பார்த்தாள். வண்டி தள்ளுகிறவர் சக்கரத்தைப் பார்த்தார். அண்ணன் சுவரைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற சமாச்சாரம்தான். இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை.

அவள் அவன் முகத்துக்குப் பக்கத்தில் குனிந்தாள். உதடு துடித்தது. சிரிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"இங்க பாருங்க. சின்ன அடி இல்ல. காலை எடுக்கப் போறாங்க. முட்டிக்குக் கீழ."

"ஏய்!" என்றார் அண்ணன்.

அவன் அண்ணனைப் பார்த்தான். நர்ஸைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். ஒருவரும் மறுக்கவில்லை.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு மட்டும்தான் தெரியாது."

அவன் வாய்விட்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டான். வளையல் நெளிந்தது. வண்டி தள்ளுகிறவர் தள்ளாமல் நின்றார், நர்ஸும் அவசரப்படுத்தவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி."

"எனக்கும்தான்," என்றாள். "ரொம்பப் பயமா இருக்கு. கதவுகிட்டயேதான் இருப்பேன். கண்ணு முழிச்சதும் என்ன நடந்துச்சுன்னு நானே சொல்றேன். எதையும் மறைக்க மாட்டேன்."

அவன் தலையை ஆட்டினான். ஒவ்வொரு விரலாகப் பிடியை விட்டான். வண்டி நகர்ந்தது. கதவு இரண்டு பக்கமும் விரிந்தது. வேலைக்குக் கிளம்புகிறவனிடம் சொல்வதுபோல அவள் சத்தமாக, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"போயிட்டு வாங்க."