பாவம் போதாத ரங்கராஜ்

ஐம்பத்திரண்டாவது வயதில் ரங்கராஜுக்கு ஒரு துக்கம் வந்து சேர்ந்தது. இதுவரை உருப்படியாக ஒரு பாவம்கூடச் செய்யவில்லையே என்கிற துக்கம்.

சுந்தராபுரத்தில் பம்ப்செட் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கடையில் போலி வாஷர் கிடையாது, வாழ்க்கையில் போலிச் சிரிப்புகூடக் கிடையாது. கிறிஸ்தவ சபையில் பாய் விரிப்பது, நாற்காலி அடுக்குவது, காணிக்கைப் பை நீட்டுவது எல்லாம் அவர்தான். மேடை ஏறி, கர்த்தர் தன்னை மீட்ட கதையைச் சாட்சியாகச் சொல்வது மட்டும் பாவிகளுக்கு. ஒவ்வொரு எழுப்புதல் கூட்டத்திலும் அவிநாசித் திருமூர்த்தி ஏறுவான். பழைய ரௌடி. சட்டையைத் தூக்கி விலாத் தழும்பைக் காட்டினால் ஜனம் கதறும். போன வருடம் அந்தத் தழும்புக்குக் காரணம் ஒரு கத்தி; இந்த வருடம் இரண்டு கத்தி, ஒரு அரிவாள். ரோட்டோர ஃப்ளெக்ஸில் அவன் படத்துக்குக் கீழே ‘மீட்கப்பட்ட மிருகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். நாற்காலி அடுக்குகிறவனுக்கு எவன் ஃப்ளெக்ஸ் வைக்கிறான்?

ரங்கராஜ் பாஸ்டர் ஆரோன் அரங்கசாமியிடம் போய் நின்றார். கூட்டத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸில் சிலுவையைவிட இரண்டடி உயரமாக நிற்பவர் இவர்.

“ஐயா, இந்த வருசம் கடைசி நாள் சாட்சிய எனக்குக் குடுங்கய்யா.”

“குடுக்கலாமுங்க பிரதர். என்ன வெச்சிருக்கீங்க?”

“மூணு தலைமுறையா விசுவாசிங்க. ஞாயித்துக்கிழமை ஆராதனை ஒண்ணுகூட உட்டதில்லீங்க.”

“இது சாட்சியா, ரேசன் கார்டா? குடிச்சிருக்கீங்களா?”

“பன்னீர் சோடா குடிப்பனுங்க.”

“யாரயாச்சும் அடிச்சிருக்கீங்களா?”

ரங்கராஜ் மனசாட்சியைத் துழாவினார். “ஒருக்கா உக்கடம் பஸ்ல டிக்கெட் எடுக்காம எறங்கிட்டனுங்க. அடுத்த நாளு ரெண்டு டிக்கெட்டா எடுத்துப்போட்டேன்.”

பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். “பிரதர், ஜனங்க பொள்ளாச்சில இருந்து பஸ் ஏறி வாராங்க. பன்னீர் சோடாவுக்கு யாருங்க அழுவா? கர்த்தர் உங்கள எந்தக் குழியில இருந்து தூக்குனாருன்னு ஒரு குழி வேணுமல்ல? ஜெபிச்சு யோசிங்க. ஆவியானவரு ஞாபகப்படுத்துவாரு.”

ஆவியானவர் ஞாபகப்படுத்துவதாகத் தெரியவில்லை. குழியை ரங்கராஜே தோண்டிக்கொண்டார். பீரோக் கண்ணாடி முன்னால் நின்று மூன்று நாள் ஒத்திகை நடந்தது. எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும், எந்த இடத்தில் கைக்குட்டை வர வேண்டும் என்பதெல்லாம் படிந்துவிட்டது. அடுக்களையிலிருந்து மனைவி சாராள் தோசைக்கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க, யாருங்க குடிச்சுப்போட்டுச் சாக்கடைல கெடந்தது?”

“நாந்தான்.”

“எப்பங்க?”

“கல்யாணமான புதுசுல. தெனமும் வந்து உன்னயப் போட்டு அடிச்சேன்.”

“என்னையுங்களா? கரப்பான்பூச்சி வந்தா என்னையக் கூப்புட்டுட்டுக் கட்டுலு மேல ஏறி நிக்கிற ஆளு நீங்க.”

“நாலு ஆத்துமா மனந்திரும்புனா நல்லதுதான? இயேசுவோட சீஷன்னா தன்னத்தானே வெறுக்கோணும். தாழ்மை வேணும் சாராள், தாழ்மை.”

“வரி வாங்குற ஆயக்காரன் கதையும் வேதத்துலதான இருக்குது? தூரமா நின்னு, தலைகூட நிமுராம, நான் பாவின்னு மாருல அடிச்சுக்கிட்டு ஊட்டுக்குப் போயிட்டான். மைக் கேட்டானுங்களா? முன்னால நின்னு தம்பெருமை பேசுனவன் பரிசேயன். அவனாச்சும் செஞ்சதச் சொன்னான்.”

இவளுக்கு எழுப்புதல் அபிஷேகம் போதவில்லை என்று ரங்கராஜ் தீர்மானித்துக்கொண்டார்.

கடைசி நாள் சாயங்காலம் மேடையில் எல்லாம் கண்ணாடி முன்னால் நடந்தபடியே நடந்தது. கீபோர்டுக்காரன் சோகத்தை மெல்ல இழுத்துவிட, ரங்கராஜ் சாராயத்தில் தொடங்கிச் சாக்கடை வழியாகத் தாலியை அடகு வைத்த இடத்துக்கு வந்து, “இந்தக் கையாலதாங்க எம்பொஞ்சாதிய அடிச்சு மணிக்கட்ட ஒடச்சேன்!” என்று வலது கையை மின்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஜனம் பொங்கியது. முன்வரிசையில் திருமூர்த்தி, புதுக்கடை திறந்ததைப் பார்த்த பழைய கடைக்காரன் மாதிரி முகத்தைச் சுளித்தான்.

பாஸ்டருக்கு வேகம் வந்துவிட்டது. “அந்தத் தாய் இங்கதான் இருக்காங்க! சகோதரி, மேல வாங்க! ஒரு வார்த்தை!”

சாராள் ஏறினாள். மைக்கை வாங்கினாள். “இவரு குடிச்சதே இல்லீங்க. என்னைய ஒரு அடி அடிச்சதும் இல்லீங்க.”

ரங்கராஜுக்கு வேட்டி அவிழ்ந்தது போலிருந்தது. ஆனால் பாஸ்டர் இத்தனை வருடம் சும்மா மேடை ஏறவில்லை. மைக்கைத் திருப்பி வாங்கித் தேம்பினார்.

“பாத்தீங்களா! அடிச்ச புருசனச் சபை முன்னால காட்டிக்குடுக்காம மூடி மறைக்குது! இதல்லவா அன்பு!”

பந்தலே அழுதது. “நெசமாலுமேங்க!” என்று சாராள் கத்தினாள், கீபோர்டுக்காரன் சத்தத்தைக் கூட்டிவிட்டான். கீழே இறங்கியவளை நாலு பெண்கள் கட்டிப் பிடித்தார்கள். ஒருத்தி மணிக்கட்டைத் தடவி, எலும்பு சேர்ந்த இடத்தைத் தேடினாள்.

மறுநாள் காலையில் அந்த வீடியோ கிணத்துக்கடவுக்குப் போய்விட்டது. சாராள் அங்கே வெங்கடலட்சுமியாகப் பிறந்தவள். கல்யாணத்துக்காக ஞானஸ்நானம் எடுத்தபோதுதான் சாராள் ஆனாள். அவளுடைய அண்ணன் லட்சுமணசாமி தென்னந்தோப்பும் கனத்த கையும் உள்ள மனுஷன். பத்து மணிக்கெல்லாம் கார் வாசலில் நின்றது.

“ஏனுங்க மாப்ள,” என்றார், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு. “எந்தக் கைல அடிச்சீங்கன்னு சொன்னீங்கன்னா, அத மட்டும் ஒடச்சுப்போட்டு நான் கெளம்பறனுங்க.”

“அய்யோ மச்சான், அது சாட்சிங்க!”

“எதுக்குச் சாட்சி?”

“அண்ணா, உடு. பூராவும் பொய்யி,” என்றாள் சாராள்.

“நீ சும்மாரு அம்மணி. நேத்தும் இப்பிடித்தான் சொன்ன, ஊரே பாத்துச்சு.”

அந்த நேரம் பார்த்து ரங்கராஜின் போன் அடித்தது. பாஸ்டர். லட்சுமணசாமி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தார். இன்னொரு கையால் மாப்பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

“பிரெய்ஸ் த லார்ட் பிரதர்! அடுத்த மாசம் அவிநாசிக் கூட்டத்துக்கு நீங்கதான் சாட்சி. திருமூர்த்திய எடுத்துட்டு உங்க போட்டோவப் போடச் சொல்லியாச்சு!”

ரங்கராஜின் கண்முன்னால் அவிநாசி ரோடு நெடுக ஃப்ளெக்ஸ் விரிந்தது. காலர் இறுகியது. ஃப்ளெக்ஸ், காலர், ஃப்ளெக்ஸ். கடைசியில் காலர் ஜெயித்தது.

“ஐயா, நான் குடிச்சதே இல்லீங்க. இவள அடிச்சதும் இல்லீங்க. மேடையில நின்னு, ஆண்டவர் பேரச் சொல்லி, அத்தன சனத்துக்கு முன்னால பொய் சொல்லிப்போட்டனுங்க.”

இந்தமுறை குரல் தானாகவே உடைந்தது. கைக்குட்டையைத் தேடக்கூட அவருக்குத் தோன்றவில்லை. சாராள் அவர் முகத்தைப் பார்த்தாள். அண்ணனின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள்.

போனில் பாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிரதர்,” என்றார். “அல்லேலூயா! இதுதானுங்க சாட்சி! மேடையிலயே பொய் சொன்னவன் மனந்திரும்புனான்! அழுகை நெசமா வருது பாருங்க. அவிநாசில இத அப்பிடியே சொல்லுங்க. குழி எப்பிடி வந்துச்சுன்னு சொல்றப்ப மட்டும் எம்பேர இழுக்காதீங்க.”

ரங்கராஜ் நிமிர்ந்தார். கண்ணில் தண்ணீர் இன்னும் காயவில்லை. அதற்குள் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அவருக்கென்று ஒரு பாவம் கிடைத்துவிட்டது. அசல் பாவம், வீடியோ ஆதாரத்தோடு.

“சாராள்,” என்றார், சட்டைக் காலரை நீவிக்கொண்டே. “அவிநாசில நீயும் மேல வந்து ஒரு வார்த்தை சொன்னா…”

சாராள் அடுக்களைக்குப் போனாள். லட்சுமணசாமி வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, உள்ளே பீரோக் கண்ணாடி முன்னால் போய் நின்றுவிட்ட மனுஷனை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

“இதுக்கு நீங்க குடிச்சே இருந்திருக்கலாமுங்க, மாப்ள.”